சந்தனம் பூசிய ஸ்டீயரிங்

மகனே,

நீ கார் சாவியைக் கேட்டிருக்கிறாய். அதனால்தான் உன் அம்மா சாவிக்குப் பதில் இந்த உறையை உன் கையில் வைத்திருக்கிறாள். அப்படித்தான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதை எழுதும் இன்று உனக்கு நான்கு வயது, எனக்கு முப்பத்திரண்டு. வளர்ந்த பிள்ளைக்கு எழுத வேண்டிய கடிதத்தை இத்தனை முன்கூட்டி எழுதுகிறேன் என்றால், அவசரம் அப்படி. வியாழக்கிழமை கிளம்புகிறேன். வெளிநாட்டில், கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். திரும்பி வந்து நேரில் சொல்லலாமே என்று உனக்குத் தோன்றும். சொல்லலாம், சொல்லலாம் என்று இரண்டரை வருடம் ஓட்டியாகிவிட்டது. இனி அந்தப் பேச்சை நானே நம்ப மாட்டேன். சுற்றி வளைத்துப் பேசவும் எனக்கு வராது. அந்தக் கறுப்புக் காரின் ஸ்டீயரிங்கில் ஒரு விரிசல் இருந்தது. அதை மூடியவன் நான். மூடக் கூடாது என்று தெரிந்தே மூடினேன்.

கார் உனக்குத்தான் என்று உன் தாத்தா, அதாவது என் அப்பா, நீ பிறந்த அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டார். அவருடைய அப்பா பழையதாக வாங்கிய வண்டி. வட்ட விளக்கு, உருண்ட மட்கார்டு, உள்ளே பெரிய ஸ்டீயரிங். கறுத்த பிளாஸ்டிக் மாதிரி தெரியுமே, அது வெறும் மேல்தோல். உள்ளே இரும்பு வளையம். நடுவில் இருந்து மூன்று இரும்பு ஸ்போக்குகள் கிளம்பி அந்த வளையத்தில் வெல்டிங்கில் பிடித்திருக்கும். வண்டியைத் திருப்புவது மேல்தோல் இல்லை, அந்த மூன்று வெல்டிங்தான். இதை மனதில் வைத்துக்கொள். மீதி எல்லாம் இதில் இருந்துதான் வருகிறது.

நம் வீட்டு ஷெட் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியை ஒட்டி இருப்பது உனக்குத் தெரியும். தாத்தா உப்பு வியாபாரி. உப்பளத்துக் காற்றில் ஜன்னல் கம்பிகூட இரண்டு வருடத்தில் பொரிந்து உதிர்கிற ஊர் இது. அந்தக் காற்று போதாதென்று ஆயுத பூஜை வேறு. வருடா வருடம் தாத்தா காரை மஞ்சள் தண்ணீரில் கழுவி, ஈரம் சொட்டும் மாலையை ஸ்டீயரிங்கில் மாட்டி, சந்தனத்தைக் குழைத்துப் பூசுவார். மற்ற வீடுகளில் ஒரு பொட்டோடு விடுவார்கள். இவர் மேல்தோலில் விழுந்திருந்த விரிசல்களுக்குள் சந்தனத்தைக் கட்டைவிரலால் திணித்து, மட்டமாக வழித்து, மேலே குங்குமம் வைப்பார். விரிசல் தெரியாது, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். அந்தச் சந்தனம் மாதக் கணக்கில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு உள்ளே இருக்கும். வெளியே காயும், உள்ளே காயாது. இரும்பைத் தின்பதற்கு அதைவிட வசதி வேண்டுமா? பள்ளிக்கூடக் காலத்தில் நானும் பக்கத்தில் நின்று சந்தனம் கரைத்துக் கொடுத்திருக்கிறேன். அவரை மட்டும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை.

உன் அத்தை கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, காரில் ஏற்றி, மண்டபத்துக்குக் கூட்டி வர வேண்டும். வெளி வண்டி கூடாது, நம் கறுப்புக் கார்தான், ஓட்டுவதும் நீதான் என்று தாத்தா சொல்லிவிட்டார். எட்டு நாள் இருந்தது. பாலிஷ் போட்டதில் வண்டி மின்னியது. ஸ்டீயரிங் மட்டும் மூன்று இடத்தில் வாய் பிளந்து, மஞ்சள் சந்தனம் அப்பி, சொத்தைப் பல் மாதிரி இருந்தது. அதைச் சரிபண்ணுகிறேன் என்று நானே போய் ஏற்றுக்கொண்டேன். வேலை எனக்குத் தெரியும் என்ற திமிர்.

வேலை தெரியும்தான். விரிசலை அப்படியே மூடக் கூடாது, முதலில் இன்னும் பெரிதாக்க வேண்டும். முக்கோண அரத்தால் ஆங்கில வி வடிவத்தில் திறந்து, நல்ல இரும்பு தெரிகிற வரை போய், துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, அப்புறம்தான் இரண்டு டப்பாவில் வரும் எபாக்ஸிப் பசையைச் சமமாகப் பிசைந்து அடைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க இறுக விட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட். முதல் இரண்டு விரிசலை அரை ஆழம்தான் திறந்தேன். பொறுமை இல்லை. மூன்றாவதில் அரம் உள்ளே போனதும் பழுப்புப் பொடி கொட்டியது, மடியில் ஒரு கைப்பிடி சேர்ந்தது. நின்று யோசித்தேன். ஸ்போக்கும் வளையமும் சேரும் இடம் அது.

என் பிழைப்பே இதுதான் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். துறைமுகத்தில் கிரேன், கொக்கி, தூக்குச் சட்டம் இதிலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவன் நான். இரும்பைச் சுத்தமாகத் துடைத்து சிவப்புச் சாயம் அடிப்போம். பத்து நிமிடம் பொறுத்து அதைத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளை மாவு மாதிரி ஒன்றை ஸ்பிரே செய்வோம். விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு வெள்ளையின் மேல் மெல்லக் கசிந்து கோடாக வரும். இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். இதில் பேச்சுக்கு இடமே இல்லை. டப்பாக்கள் பைக் பெட்டியிலேயே இருந்தன. அடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு புள்ளி, பக்கத்தில் இன்னொன்று, இரண்டும் நீண்டு சேர்ந்தன. வெல்டிங்கைச் சுற்றிப் பாதி தூரத்துக்குச் சிவப்புக் கோடு.

அந்த நேரம் பார்த்துத் தாத்தா ஷெட்டுக்குள் வந்தார். பந்தல்காரரோடு போனில் பேசிக்கொண்டே வந்தவர், குனிந்து ஸ்டீயரிங்கைப் பார்த்தார். வெள்ளையும் சிவப்பும் அவர் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல காரியம்லே. பூசுததுக்கு முன்னாடியே குங்குமம் வச்சிட்டியா? இப்பத்தான் ஒனக்குப் புத்தி வந்திருக்கு."

ஆமாம் என்று நான் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சொன்னால் வாக்குவாதம் வரும். வளையத்தின் மேல்தோலை முழுக்க உரித்து, மூன்று வெல்டிங்கையும் வெட்டி எடுத்து, புதிதாக வைத்து, மறுபடி வார்க்க வேண்டும். அதற்கு மாதக் கணக்கு ஆகும். கல்யாணத்துக்கு எட்டு நாள். பிள்ளையார் கோயிலில் இருந்து மண்டபம் வரை நடந்தே போய்விடுகிற தூரம், அதுவும் மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்து போகப் போகிறோம், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே கணக்குப் போட்டேன். வேலையில் எவனாவது இப்படிக் கணக்குப் போட்டால் கிழித்துவிடுவேன். சிவப்பைத் துடைத்தேன், எபாக்ஸியைப் பிசைந்தேன், அடைத்தேன். அந்தப் பூச்சு அவ்வளவு அருமையாக வந்து தொலைத்தது. கண்ணாடி மாதிரி இருக்கு என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் தடவிப் பார்த்தார்கள். இஞ்சினியர் படிக்க வச்சது வீண் போகலை என்று தாத்தா சொந்தக்காரர்களிடம் சொன்னார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அழைப்பு அன்று சாயங்காலம் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். உனக்கு அப்போது ஒன்றரை வயது. போட்டோக்காரர் கேட்டார் என்று உன்னைத் தூக்கி என் மடியில் வைத்து, உன் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் பிடிக்க வைத்தார்கள். ஹாலில் மாட்டியிருக்கிற அந்தப் படம்தான். எல்லோரும் சிரிக்கிறோம், நீ மட்டும் முறைத்துக்கொண்டிருப்பாய். படம் எடுத்த பிறகும் உன்னை யாரும் இறக்கவில்லை, நானும் இறக்கவில்லை. கிட்டங்கி முக்கில் திரும்பும்போது எதிரே உப்பு லாரி ஒன்று ஓரம் பார்க்காமல் வந்தது. வெடுக்கென்று இடப் பக்கம் ஒடித்தேன். கைக்குள் ஒரு சத்தம். 'டிக்' என்று. காதில் கேட்கவில்லை, உள்ளங்கையில் கேட்டது. லாரி உரசாமல் போய்விட்டது. மேளக்காரர்கள் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டில் மாப்பிள்ளை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மண்டபம் வந்தது, ஆரத்தி எடுத்தார்கள், உன்னை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்றுமே நடக்கவில்லை.

அந்த ஒன்றும் நடக்காததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வண்டி கல்யாணத்துக்கு ஓடிவிட்டது, ஸ்டீயரிங் புதுசு மாதிரி இருக்கிறது என்ற தெம்பில் தாத்தா அதுவரை ஷெட்டிலேயே கிடந்த காரை வெள்ளிக்கிழமை தோறும் திருச்செந்தூருக்கு எடுக்க ஆரம்பித்தார். மாதம் ஒரு தடவை உன்னையும் உன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போவார். விரிசல் விட்ட இரும்பின் குணம் உனக்குத் தெரியட்டும். அது ஒரேயடியாக ஒடியாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு மயிரிழை உள்ளே போகும், நிற்கும். அடுத்த திருப்பத்துக்கு இன்னொரு மயிரிழை. நேற்று தாங்கியதே என்பது அதற்குச் சாட்சி ஆகாது. நேற்று தாங்கியதால் இன்று பலம் குறைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஒரு வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் ஒரு கிரேன் கொக்கியை நிறுத்தினேன். என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லாத கோடு. அந்தக் கிரேனை ஓட்டும் அண்ணாச்சிக்குக் கோபம். கப்பல் காத்துக்கொண்டு நிற்கிறது.

"தம்பி, இந்தக் கொக்கி நீங்க பொறக்கதுக்கு முன்னால இருந்து தூக்குது" என்றார்.

"அதனாலதான் அண்ணாச்சி நிறுத்துதேன்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல பதில் சொன்ன மிதப்பில் வீட்டுக்கு வந்தால் ஷெட் காலி. தாத்தா உங்களைக் கூட்டிக்கொண்டு செந்தூர் போயிருந்தார். நான் சட்டைகூட மாற்றாமல் வாசலில் நின்றேன். கிட்டங்கி முக்கில் அந்த வட்ட விளக்கு இரண்டும் தெரிகிற வரை நின்றேன். நீ தூங்கிக்கொண்டே இறங்கினாய், நெற்றியில் பன்னீர் இலை விபூதி. அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது ஸ்போக் பக்கத்தில் பெயிண்ட் நகம் மாதிரி லேசாகத் தூக்கியிருந்தது. அடியில் ஒரு முடிக்கோடு. அதே இடம். நான் என்ன செய்தேன் தெரியுமா? உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பெயிண்ட் அடித்தேன். ஆறு மாதத்தில் திரும்ப வந்தது, திரும்ப அடித்தேன். ஒரு தடவை மூடியவனுக்கு இரண்டாம் தடவை மூடுவது சிரமமாகவே இருக்காது மகனே. அதைத் தெரிந்துகொள்.

இந்த வேலைக்கான உத்தரவு வந்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. நான் இருந்தாலாவது ஏதோ காரணம் சொல்லி வண்டியை நிறுத்தலாம், பேட்டரியைக் கழற்றி வைக்கலாம். செய்திருக்கிறேன். நான் போன பிறகு? நான் கிளம்பிய அடுத்த திங்கட்கிழமை உனக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்டுக் காது குத்து. தாத்தா கறுப்புக் காரில் உன்னை முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறார் என்பது எப்போதோ முடிவான விஷயம்.

நேற்றுக் காலை ஸ்டீயரிங்கைக் கழற்றினேன். நடு நட்டு துருவில் பிடித்திருந்தது, அரை மணி நேரம் ஆயிற்று. தாத்தா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். என் பூச்சை நானே உளியால் பெயர்த்தேன். இந்தத் தடவை மூன்று இடத்தையும் இரும்பு வரைக்கும் திறந்தேன். மூன்றிலும் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளை அடித்து, அவரைக் கூப்பிட்டேன். மூன்றிலும் சிவப்பு வந்தது. மூன்றாவதில் வட்டம் கிட்டத்தட்ட மூடிவிட்டது. இதுதான் விரிசல், கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்தது, தெரிந்தேதான் மூடினேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"அன்னைக்கும் இதே செவப்புதானே. அன்னைக்குக் குங்குமம்னுதானே இருந்த?"

"நான் சொல்லலைப்பா. நீங்கதான் சொன்னீக."

"நீ இல்லைன்னு சொல்லலையேலே."

அவர் பேப்பரை மடித்தார். குரலை உயர்த்தவே இல்லை. "ஒடியுத ஸ்டீயரிங்னு தெரிஞ்சவன் சொந்தப் பிள்ளைய மடியில வச்சு ஓட்டுவானா? நீ ஓட்டுன. படம் ஹால்ல தொங்குது. இப்ப வெளிநாடு போற நேரத்துல வந்து எனக்குப் பயம் காட்டுத" என்றார்.

அவர் முட்டாள் இல்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. நான் வாயால் சொல்வதை ஏன் அவர் நம்ப வேண்டும்? என் கை செய்ததை அவர் பார்த்திருக்கிறார். உன்னை மடியில் வைத்து நான் ஓட்டியதுதான் அவருக்கு நான் கொடுத்த சர்டிபிகேட். அதற்கு எதிராக எந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டியும் பிரயோஜனம் இல்லை. கோபத்தில் வளையத்தைத் தரையில் காலால் மிதித்துக்கொண்டு, மூன்றாவது ஸ்போக்கைக் கையால் மேலே இழுத்தேன். பலம்கூடப் போடவில்லை. 'டிக்.' வந்துவிட்டது. ஒடிந்த முகம் முழுக்கப் பழுப்பு, ஓரத்தில் மட்டும் ஒரு அரிசி அளவுக்குப் புது இரும்பு மினுங்கியது. அவ்வளவில்தான் இத்தனை நாள் நீங்கள் செந்தூர் போய் வந்திருக்கிறீர்கள்.

நான் மற்ற இரண்டையும் ஒடிக்கக் குனிந்தபோது தாத்தா எழுந்து வந்து வளையத்தை என் காலுக்கடியில் இருந்து இழுத்துக்கொண்டார். ஒடிந்த முனையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு துண்டில் சுற்றி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "கம்பிதானே. வெல்டிங் வச்சு மேல பூசுனா முடிஞ்சுது. நீதான் பூசிக் காட்டிட்டியே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

உன் அம்மாவிடம் மத்தியானம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஹாலுக்குப் போய் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பிள்ளைய வாங்கியிருப்பேன்லா" என்றாள். அதன் பிறகு இன்று வரை என்னிடம் பெட்டி அடுக்குவது பற்றி மட்டும்தான் பேசுகிறாள். திங்கட்கிழமை உன்னைப் பஸ்ஸில் கூட்டிப் போவதாக எனக்குச் சத்தியம் செய்திருக்கிறாள். அவள் சொன்னால் செய்வாள். ஆனால் அது ஒரு திங்கட்கிழமைக்குத்தான் ஆகும். அடுத்தது, அதற்கடுத்தது, நீ சாவி கேட்கும் வயது, இதற்கெல்லாம் யார் சத்தியம் செய்வது?

இன்று காலை ஷெட்டுக்குப் போனேன். ஸ்டீயரிங் அங்கே இல்லை. எங்கே என்று கேட்டதற்குத் தாத்தா ஊறுகாயை நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்த இரண்டு பட்டறைகளுக்குப் போன் போட்டேன். அங்கே வரவில்லையாம். இந்த ஊரில் பட்டறைக்கா பஞ்சம்? கோவையில் புது வளையமே வார்த்துத் தருகிற ஒருவருடைய விலாசத்தை எழுதித் தாத்தா மேஜையில் வைத்தேன். அது வைத்த இடத்திலேயே கிடக்கிறது. திரும்ப ஷெட்டுக்குள் போனபோதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். அலமாரியில் என் சாமான்கள் எல்லாம் வைத்தபடி இருந்தன. மீதி வைத்திருந்த எபாக்ஸி டப்பா இரண்டையும் மட்டும் காணோம்.

அலமாரியின் கீழ்த் தட்டில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியின் சாவி இந்த உறைக்குள் இருக்கிறது. பெட்டியில் சிவப்பு டப்பா, வெள்ளை டப்பா, அரம், எப்படிச் செய்வது என்று எழுதிய காகிதம் எல்லாம் இருக்கும். இந்த டப்பாக்கள் அதற்குள் காலாவதி ஆகியிருக்கும், புதுசு வாங்கிக்கொள். சிவப்புக் கோடு வந்தால், அதைக் குங்குமம் என்று யார் சொன்னாலும், உடனே அங்கேயே இல்லை என்று சொல். ஒரு வார்த்தைதான். அதைச் சொல்ல எனக்கு இரண்டரை வருடம் ஆனது.

இப்போது ஷெட்டுக்குப் போ. வண்டியை ஸ்டார்ட் பண்ணாதே. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பார். அந்த இடம் காலியாகவோ, வாய் பிளந்து, இரும்பு தெரிந்து, அசிங்கமாகவோ இருந்தால் பயமில்லை, யாரும் அதை மூடவில்லை என்று அர்த்தம். மூன்று ஸ்போக்கும் சேர்ந்திருந்து, எங்கேயும் ஒரு கோடுகூட இல்லாமல், கண்ணாடி மாதிரி இருந்தால், இறங்கிவிடு.

அப்பா